மூன்று டாக்டர்களும் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்: சோதனை கேட்டு வற்புறுத்தலாமா?

இரவுக்குருவி:
14 மாதமாக எனக்கு வயிறு சரியில்லை. வயது 41. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தண்ணீர் மாதிரிப் போகிறது. நடுவில் இரண்டு நாள் சரியானது போல இருக்கும், மறுபடி ஆரம்பித்துவிடும். இதுவரை மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நார்மல் என்று வந்ததும், கேஸ்தான் என்று அனுப்பிவிட்டார். மூன்றாமவரிடம் "ராத்திரியில்கூட..." என்று நான் ஆரம்பித்தபோதே சீட்டில் மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, "வீட்டில் ஏதாவது டென்ஷனா?" என்றார். சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை, இது ஐ.பி.எஸ். (எரிச்சலுறும் குடல் நோய்), பயப்படாதீர்கள் என்றார்.

இன்ன சோதனை வேண்டும் என்று நோயாளி அடம்பிடிக்கலாமா? அது டாக்டரை அவமதிப்பதாகுமா? வீட்டில் எல்லோரும் "மூணு பேர் சொல்லியாச்சு, விடு" என்கிறார்கள்.

சமன்கோல்:
சகோதரி, நான் பொது மருத்துவர். 22 வருடமாக வயிற்றுக் கோளாறு என்று வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்லப் போகிறேன்: அடம்பிடிக்காதீர்கள்.

ஐ.பி.எஸ். என்றால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தமில்லை. குடலுக்கென்று தனி நரம்பு மண்டலமே இருக்கிறது, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். அதற்கும் மூளைக்கும் நடக்கிற பேச்சு பிசகினால் வலி, போக்கு, உப்புசம் எல்லாம் நிஜமாகவே வரும். எல்லாச் சோதனையும் முடித்து, எதுவும் கிடைக்காத பிறகு ஒட்டுகிற பெயரும் அல்ல அது. குடல் நோய் நிபுணர்கள் வகுத்து 2016-இல் வந்த ரோம் 4 வரையறைப்படி, கடந்த மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும், அந்த வலி மலம் போவதோடும் அதன் மாற்றங்களோடும் சேர்ந்து வர வேண்டும், தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவை பொருந்தி, அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் நேராகவே சொல்லிவிடலாம்.

கொலனோஸ்கோபி சாதாரண விஷயமும் இல்லை. அரிதாகத்தான் என்றாலும் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. சி.டி. எடுத்தால் ஒரே தடவையில் சில வருட இயற்கைக் கதிர்வீச்சு உடம்பில் இறங்கும். அப்புறம் அதில் சம்பந்தமே இல்லாத ஏதாவது தெரியும், அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்.

நீலத்தாமரை:
டாக்டர் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதைப் படித்ததும் கை நடுங்குகிறது.

என் அம்மாவுக்கு 56 வயதில் திடீரென்று வயிறு உப்ப ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியவில்லை என்று தளர்த்திக் கட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்றார்கள். எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது, கருப்பைப் பக்கத்தில் சினைப்பையில் புற்றுநோய். அம்மா இப்போது இல்லை. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக ஐ.பி.எஸ். மாதிரி தொந்தரவு வந்தால் சினைப்பைப் புற்றுக்குச் சோதித்துப் பாருங்கள், அந்த வயதில் ஐ.பி.எஸ். முதல்முறையாக வருவது அரிது என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2011 முதலே சொல்கிறது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

டென்ஷன் என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கே ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னார்கள். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று நிரூபிக்க, பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பையில் அழற்சி வரவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2005-இல் அவருக்கும் அவரோடு ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை லட்சம் பேரிடம் "கவலைப்படுவதைக் குறையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள்?

தங்கச்சி, அடம்பிடி. சோதனை வேண்டாம் என்றால் அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்.

வழித்துணை:
நீலத்தாமரை அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்து மனசு கனத்தது. இருந்தாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பக்கம் போய் வந்தவன்.

ஐந்து வருடத்தில் எனக்கு மூன்று எண்டோஸ்கோபி, இரண்டு கொலனோஸ்கோபி, இரண்டு சி.டி. எல்லாம் நானே கேட்டு வாங்கியவை. ஒவ்வொரு தடவையும் நார்மல் என்று வந்ததும் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். பிறகு, "இதில் தெரியாத இடத்தில் இருந்தால்?" என்று மனசு அரிக்க ஆரம்பிக்கும். கடைசி சி.டி.யில் கல்லீரலில் ஒரு சின்ன நீர்க்கட்டி தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அதைக் கண்காணிக்க இன்னும் மூன்று ஸ்கேன். அது எந்தக் கெடுதலும் செய்யாத கட்டி, நிறையப் பேருக்கு இருக்கும் என்று ஒன்றரை வருடம் கழித்துச் சொன்னார்கள். அந்த ஒன்றரை வருடமும் நான் ராத்திரியில் விரலால் விலாவை அழுத்திப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கடைசியில் என்னைச் சரிசெய்தவர் ஒரு சோதனையும் எழுதவில்லை. அரை மணி நேரம் கேட்டார். உணவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வைத்தார்.

நீலத்தாமரை:
தம்பி, நீங்கள் எல்லாம் எடுத்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகு நிம்மதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அம்மாவுக்கு அந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூட யாரும் எழுதவில்லை.

சமன்கோல்:
அம்மா, உங்கள் தாயாருக்கு நடந்தது தவறுதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இரவுக்குருவி, ஒன்று கேட்க விட்டுவிட்டேன். "ராத்திரியில்கூட" என்று ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வராமல் விழித்திருக்கும்போது போகிறதா, இல்லை நன்றாகத் தூங்கும்போது வயிறே உங்களை எழுப்புகிறதா? எடை எவ்வளவு குறைந்திருக்கிறது? ரத்தப் பரிசோதனை ஏதாவது எடுத்தீர்களா?

இரவுக்குருவி:
வயிறுதான் எழுப்புகிறது. பெரும்பாலும் மூன்று மணிக்கு. விளக்கைப் போட நேரமிருக்காது, சுவரைத் தடவிக்கொண்டே போவேன். முடித்துவிட்டு வந்து படுத்தால் கால் மரத்துப்போன மாதிரி இருக்கும். வாரத்தில் மூன்று நான்கு ராத்திரி இப்படி. எடை 61 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டது, நான் எதையும் குறைக்கவில்லை. ரத்தம் எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்தது, ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு இது சகஜம் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள்.

சமன்கோல்:
அப்படியென்றால் முதலில் நான் எழுதியதை உங்கள் விஷயத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தூக்கத்திலிருந்து எழுப்புகிற போக்கு, காரணமில்லாமல் ஏழு கிலோ குறைந்தது, ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலே ஐ.பி.எஸ். என்று மூடிவிடக் கூடாது, உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன. மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்று அல்லது குடல் அழற்சி இருந்தது, இவையும் அதே பட்டியல்தான்.

அல்ட்ராசவுண்ட் நார்மல் என்பதை வைத்துக் குடலைப் பற்றி முடிவு செய்ய முடியாது. கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் அதில் நன்றாகத் தெரியும். குடலின் உள்சவ்வு அப்படித் தெரியாது.

ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதலில் ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), தைராய்டு, சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதத்தால் குடல் கெடுவது) டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டினும் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) கிருமிகளும். உங்கள் நிலையில் கொலனோஸ்கோபியும் எப்படியும் வரும். நீங்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர், பித்தப்பை எடுத்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டுமே இப்படிப் போக்கை உண்டாக்கும்.

ஒன்று மட்டும் சொல்வேன். இந்த மூன்று விஷயத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருந்தால் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

நீலத்தாமரை:
எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத இடம் இதுதான் சார். எது அபாய அறிகுறி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி எழுப்புகிறதா என்று கேட்க வேண்டியது டாக்டர். இணையத்தில் முகம் தெரியாமல் நீங்கள் கேட்டீர்கள், இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏன் கேட்கவில்லை?

சமன்கோல்:
கேட்டிருக்க வேண்டும். வெளியே 40 பேர் காத்திருக்கும்போது நானும் கேட்காமல் விட்ட நாட்கள் உண்டு. அதனால்தான் நோயாளி எழுதிக்கொண்டு வர வேண்டும் என்கிறேன். ஆனால் "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்கிற யோசனை வேண்டாம் அம்மா. அப்படிச் சொன்ன நிமிடம் அறை நீதிமன்றமாகிவிடும். டாக்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சோதனை எழுதுவார், உங்களைப் பற்றி யோசிக்க மாட்டார்.

நீலத்தாமரை:
தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினாலும் சரி, எழுதினால் போதும்.

சோதனைக்கூடம்:
நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சண்டைக்கு வரவில்லை, சோதனை வீணாகாமல் இருக்கச் சில விஷயம் சொல்கிறேன். இதைச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

சீலியாக் சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தியிருந்தால் நோய் இருந்தாலும் நெகட்டிவ் என்று வரலாம். ஐ.ஜி.ஏ. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு எதிர்ப்புப் புரதம், அதன் மொத்த அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு உடம்பிலேயே அது குறைவாக இருக்கும், அவர்களுக்கும் சோதனை ஏமாற்றிவிடும். மார்ஷலின் கிருமி, அதாவது ஹெச். பைலோரி, அதற்கு மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்தால் அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் (டாக்டரிடம் கேட்டுவிட்டு). கால்ப்ரொடெக்டின் பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் வலி மாத்திரை தொடர்ந்து போடுபவர்களுக்கு அது சும்மாவே ஏறும்.

கொலனோஸ்கோபியில் குடல் பார்க்க நன்றாக இருந்தாலும் பயாப்சி (சோதிக்கக் கிள்ளி எடுக்கும் சின்னத் திசு) எடுக்கச் சொல்லுங்கள். நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சி (மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ்) என்று ஒன்று உண்டு. நுண்ணோக்கியில்தான் தெரியும் என்பதால் அந்தப் பெயர். கேமராவில் பெரும்பாலும் தெரியாது.

இரவுக்குருவி:
ஐயோ, நான் கோதுமையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. யாரோ சொன்னார்கள் என்று.

சோதனைக்கூடம்:
அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மறுபடி சில வாரம் தினமும் சாப்பிட்டுவிட்டுத்தான் சோதிப்பார்கள்.

வழித்துணை:
தோழி, நான் அடம் வேண்டாம் என்று சொன்னதற்கு உன் எடையும் தூக்கமும் தெரியாததுதான் காரணம். போ, ஆனால் சோதனையின் பெயரைக் கேட்டு ஆரம்பிக்காதே. எனக்குக் கடைசியில் கதவைத் திறந்தவை இரண்டு கேள்விகள். "இதுதான் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" அப்புறம், "எத்தனை வாரத்தில் சரியாகவில்லை என்றால் வேறு என்ன பார்ப்பீர்கள்?" இரண்டாவது கேள்விக்குத் தேதி சொல்ல வைத்துவிடு.

இரவுக்குருவி (மூன்று வாரம் கழித்து):
குடல் நோய் நிபுணரைப் பார்த்தேன். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மேலே மூன்று வரி: தூக்கத்தில் எழுப்புகிறது, 7 கிலோ, ஹீமோகுளோபின் 9.6. கீழே இரண்டு வாரக் கணக்கு. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, மலத்தின் தன்மைக்கு 1 முதல் 7 வரை எண் கொடுக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் எந்த எண். பெரும்பாலும் 6, 7, அதாவது கூழாகவோ தண்ணீராகவோ. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தாளை எடுத்துப் படித்தார். "மூணு மணிக்கா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழித்துணையின் கேள்விகளைக் கேட்கவே தேவைப்படவில்லை. நீலத்தாமரை அக்கா, கையெழுத்தும் கேட்கவில்லை.

கால்ப்ரொடெக்டின் 680 வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை கொலனோஸ்கோபி, பயாப்சியும் எடுப்பதாக அவராகவே சொன்னார். கோதுமையை மறுபடி சாப்பிடத் தொடங்கிவிட்டேன், சீலியாக் சோதனை அடுத்த மாதம்.

நீலத்தாமரை:
துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போ. மயக்கம் தெளியும்போது டாக்டர் சொல்வது மனதில் நிற்காது, அவர்களை எழுதிக்கொள்ளச் சொல்.