சாமுல்னோரி கொரிய மரபிசையா?

கேள்வி: யூடியூபில் சாமுல்னோரி பார்த்துவிட்டு அதே பைத்தியமாக இருக்கிறேன். நான்கே பேர், இரண்டு முழவு, இரண்டு உலோக வாத்தியம், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு புயல். ஆனால் இந்த வடிவம் 1978இல் சியோலில் ஒரு சின்ன அரங்கில் தொடங்கியதாம். அப்புறம் எப்படி இது மரபிசை?

பதில்: தாளங்கள் பழையவை. உழவர்கள் ஊர்வலமாக ஆடிக்கொண்டே வாசித்தவை. மேடையில் உட்கார வைத்ததுதான் புதுசு.

பதில்: வயதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. கயாகம் என்ற மீட்டும் தந்தி வாத்தியக் கலைஞர்கள் கொண்டாடும் சான்ஜோ என்ற தனி வாசிப்பு வடிவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. கன்ஃபூசியஸ் ஆலயத்தில் ஒலிக்கும் ஆஅக் என்ற சடங்கிசையோ 1116இல் சீனத்துச் சோங் அரசவை அனுப்பியது. பழசுதான், ஆனால் வெளியிலிருந்து வந்த சரக்கு. கொரியர்கள் இரண்டையும் குகாக், அதாவது கொரிய மரபிசைக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

கேட்டவர்: சரி, புதிய 25 தந்தி கயாகம்?

பதில்: என் காதுக்கு ஒரே சோதனைதான். பழைய கயாகத்தில் 12 பட்டுத் தந்தி. வலது கை மீட்டியதும் இடது கை தந்தியை அழுத்தி, சுரத்தை வளைத்து நடுங்க வைக்கும். 25 தந்தியில் அந்த நடுக்கத்தை விட்டுவிட்டு மேற்கத்திய மெட்டை ஓட்டினால், மன்னிக்கவும், எனக்கு அது கொரிய வாத்தியத்தில் வாசித்த பாப் பாட்டு, அவ்வளவுதான்.