பாங்காக்ல நல்ல லோக்கல் சாப்பாடு: ரேட்டிங் பாத்து போறதா, தெருவுல நடந்து தேடுறதா?

நெய்வேலி_பையன்
அடுத்த மாசம் குடும்பத்தோட பாங்காக் போறோம், நான், வைஃப், அப்பா, அம்மா. ரூம் அசோக் ஸ்டேஷன் பக்கத்துல. அவ்ளோ தூரம் போயி மூணு வேளையும் இந்தியன் ரெஸ்டாரன்ட்ல தோசை சாப்பிட்டு வர எனக்கு மனசில்ல, அந்த ஊர்க்காரங்க தினமும் சாப்பிடுறத சாப்பிடணும். அப்பா எல்லாம் சாப்பிடுவார், மாட்டுக்கறி மட்டும் வேணாம். அம்மா சுத்த சைவம். ஃப்ரெண்ட்ஸ்ட்ட கேட்டா ஒருத்தன் ரேட்டிங் பாக்காம ஒரு கடைக்கும் போகாதங்கறான், இன்னொருத்தன் போனை பைக்குள்ள வச்சுட்டு நட, கூட்டம் இருக்கற கடைல உக்காருங்கறான். வயசானவங்கள வச்சுக்கிட்டு எது சரிப்படும்? போனவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள
ரேட்டிங் தான் தம்பி, இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. பெரியவங்களோட போற ட்ரிப்ல வெயில்ல நடக்க வச்சு கடை தேடுறது நியாயமே இல்ல, மத்தியான வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தாங்காது. மேப்ல 4.3க்கு மேல, ரிவ்யூ ஆயிரத்துக்கு மேல, கடைசி ரெண்டு மாச ரிவ்யூவும் நல்லாருக்கா, இவ்ளோ தான் என் கணக்கு. 2017 டிசம்பர்ல மிஷ்லின் கைடு, அதான் நல்ல ரெஸ்டாரன்ட்டுக்கு ஸ்டார் குடுக்கற கைடு, பாங்காக்குக்கு முதல் தடவையா வந்தப்பவே ஜே ஃபாய்னு தெருவோரக் கடை வச்சிருக்கற அம்மாவுக்கு ஸ்டார் குடுத்தாங்க. ஸ்டார் நம்ம பட்ஜெட் இல்லனா பிப் கூர்மாண்ட்னு தனி லிஸ்ட் இருக்கு, நியாயமான விலையில நல்ல சாப்பாடு போடுற கடைங்க, அதுல நூடுல்ஸ் கடை, கோழிச்சோத்துக் கடை எல்லாம் வரும். பிரதுநாம் ஏரியால பிங்க் சட்டை போட்ட ஆளுங்க பரிமாறுற காவ் மன் காய், அதாவது கோழிச்சோத்துக் கடை அந்த லிஸ்ட்ல வந்தது தான். இத விட என்ன லோக்கல் வேணும்?

சோய்_சுத்தி
பாங்காக்ல வேலை பாக்கறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கணக்கு அண்ணே, அந்த ஆயிரம் ரிவ்யூவ எழுதுனது யாரு? காவ் சான் ரோட்டுலயும் சுகும்வித்லயும் ரூம் போட்டவங்க, நடந்து போற தூரத்துல இருக்கற கடைக்குத் தான் இங்கிலீஷ்ல ரிவ்யூ குவியும். ஜே ஃபாய் நண்டு ஆம்லெட் ஆயிரம் பாத்துக்கு மேல, க்யூ மணிக்கணக்குல. அந்தம்மா சமையல நான் மதிக்கறேன், ஆனா இந்த ஊர்ல எந்த ஆபீஸ்காரனும் மத்தியானம் அங்க போயி சாப்பிடுறதில்ல. அவன் போறது ஆஹான் தாம் சங் கடைக்கு, கேக்கறத உடனே செஞ்சு தர்ற கடை, பத்துல எட்டு கடைக்கு இங்கிலீஷ் போர்டே கிடையாது.

நெய்வேலி தம்பி, அர்த்தமில்லாம நடக்கச் சொல்லல. பதினொன்றரைல இருந்து ஒரு மணிக்குள்ள, ஆஸ்பத்திரி, காலேஜ், கவர்மென்ட் ஆபீஸ் இருக்கற இடத்துக்குப் போங்க. இதுங்க கிட்ட இருக்கற கடை தினமும் அதே ஆளுங்கள நம்பி நடக்குது, ஒரு வாரம் ருசி கெட்டாலோ எவனுக்காவது வயிறு கெட்டாலோ அடுத்த வாரம் கடை காலி. டூரிஸ்ட் கடைக்கு அந்த பயமே இல்ல, இன்னைக்கு வந்தவன் நாளைக்கு வரப்போறதில்ல.

இடம் சொல்றேன். ஆத்துக்கு அந்தாண்ட சிரிராஜ் ஆஸ்பத்திரிய ஒட்டி வாங் லாங் மார்க்கெட், ஆரஞ்சு கொடி போட்ட படகு அங்கயே நிக்கும். நாங் லோங் மார்க்கெட், பக்கத்துல அரசு ஆபீஸுங்க, மத்தியானத்தோட முடிஞ்சுரும். சீலோம்ல ஆபீஸ்காரங்களுக்குன்னே லலாய் சாப் சந்து. சுலாலங்கோர்ன் யுனிவர்சிட்டி பக்கம் சாம்யான் மார்க்கெட், கீழ காய்கறி கறிமீன், மாடில சாப்பாட்டுக் கடைங்க. உங்க ரூம்ல இருந்து கூப்பிடு தூரத்துல சுகும்வித் சோய் (சந்து) 23ல ஸ்ரீநகரின்விரோட் யுனிவர்சிட்டி, பசங்க சாப்பிடுற கடை அந்த சுத்துவட்டாரத்துல இருக்கு.

வாங் லாங்ல காவ் கேங் கடை முன்னாடி நின்னு பாருங்க. எவர்சில்வர் தட்டுல பன்னெண்டு பதினஞ்சு கறி வரிசையா, வெள்ளை யூனிஃபார்ம் நர்ஸுங்க வந்து ஒரு வார்த்தை பேசாம ரெண்டு தட்ட விரல்ல காட்டுவாங்க, கடைக்காரம்மா சோத்து மேல ரெண்டு கரண்டி ஊத்தி ஓரத்துல வெள்ளரிக்கா வச்சு நீட்டுவாங்க, பக்கத்துலயே மீன் சாறுல ஊறுன பச்சை மொளகா கிண்ணம். உங்களுக்கும் அதே விரல் போதும், பாஷை வேணாம். ஆனா சீக்கிரம் போகணும், ஒரு மணிக்கு மேல போனா பாதி தட்டு காலி.

கணக்குப்புள்ள
தம்பி நீங்க சொன்ன இடமெல்லாம் நல்ல இடம், மறுக்கல. ஆனா "ஊர்க்காரன் ரேட்டிங் பாக்கறதில்ல"ன்னு ஒரு நெனப்பு உங்க பேச்சுல இருக்கு, அது தப்பு. கைடு பாத்து சாப்பிடுற பழக்கம் தாய்லாந்துல மிஷ்லின் வந்து ஆரம்பிச்சது இல்ல. 1961லயே தனத்ஸ்ரீ ஸ்வஸ்திங்கற சாப்பாட்டு எழுத்தாளர் ஆரம்பிச்ச ஷெல் சுவன் சிம் இருக்கு, ருசி பாத்து நல்லாருந்தா கடைக்கு குடுக்கற பலகை, அந்தக் கிண்ணம் படம் போட்ட பலகைய பழைய கடைங்க இன்னும் சுவத்துல மாட்டி வச்சிருக்கு. இப்போ உள்ள பசங்க வோங்நாய்ங்கற ரெஸ்டாரன்ட் ரிவ்யூ ஆப் பாக்காம புதுக் கடைல கால் வைக்கறதில்ல. ஊர்க்காரனே விசாரிச்சுட்டு தான் போறான், வெளியூர்லருந்து வர்ற நாம விசாரிக்காம போகணும்னு சொல்றது என்ன நியாயம்?

அப்புறம் சுத்தம். பொது சுகாதார அமைச்சகம் சுத்தமான உணவு, நல்ல ருசின்னு ஒரு சான்று பலகை குடுத்திருக்காங்க, கடைல அது இருக்கான்னு நான் அதையும் பாப்பேன். காலைல ஆக்கி வச்ச கறி மத்தியானம் வரைக்கும் தட்டுல திறந்து கெடக்கறத நீங்க ஆஹா ஓஹோன்றீங்க, எனக்கு அதுவே பயம், அதுவும் வயசானவங்க சாப்பிடணும்னா.

சோய்_சுத்தி
வோங்நாய் பத்தி சொன்னது சரி, ஒத்துக்கறேன். ஆனா அதுல எழுதுறது தாய்ல, எழுதுறவன் ஊர்க்காரன். நான் சண்டை போடுறது இங்கிலீஷ் ரேட்டிங்கோட. மேப்ல பாக்கறதுனா கூட "பெஸ்ட் தாய் ஃபுட்"னு தேடாதீங்க, சாப்பாட்டு பேர தாய் எழுத்துல காப்பி பண்ணி போட்டுத் தேடுங்க, வர்ற லிஸ்டே வேற. தாய்ல நூறு ரிவ்யூ இருக்கற 4.1 கடை, இங்கிலீஷ்ல மூவாயிரம் ரிவ்யூ இருக்கற 4.7 கடைய விட எனக்கு நம்பிக்கையான கடை. பல இடத்துல "ரிவ்யூ போடுங்க, ஐஸ்க்ரீம் ஃப்ரீ"ன்னு மேஜை மேலயே அட்டை வச்சிருக்கான்.

பேர் வாங்குனா இடத்துக்கு என்ன ஆகும்னு பந்தத் தோங் ரோட்ட பாருங்க. ஜெர்ஸி, ஷூன்னு ஸ்போர்ட்ஸ் சாமான் விக்கற ரோடு அது, யுனிவர்சிட்டி பசங்கள நம்பி சாப்பாட்டுக் கடை வந்துச்சு, அப்புறம் வீடியோக்காரங்க வந்தாங்க, வாடகை ஏறுச்சு, விலையும் ஏறுச்சு. பழைய பதிவுகளையும் நம்பாதீங்க. சுகும்வித் சோய் 38 நைட் சாப்பாடுன்னு இன்னும் எழுதிட்டு இருக்காங்க, அந்த இடத்த வித்து கடைங்க கலைஞ்சு பல வருஷம் ஆச்சு.

காவ் கேங் பயம்னா விடுங்க, தாம் சங் கடைக்குப் போங்க. அது ஹோட்டல் பஃபேய விட பத்திரம்னு நான் அடிச்சு சொல்லுவேன். பூண்டும் மொளகாயும் அப்பவே உரல்ல இடிக்கறா, வாணலி புகையுது, கறி விழுது, கடைசில ஒரு கை கப்ராவ் இலைய, நம்ம துளசி மாதிரி, போட்டு ரெண்டு பொரட்டு, பக்கத்து வாணலில எண்ணெய் நெறய ஊத்தி முட்டைய போட்டா ஓரமெல்லாம் மொறுமொறுன்னு வருது, மூணு நிமிஷத்துல சூடா உங்க முன்னாடி. அம்பது அறுபது பாத், முட்டைக்கு பத்து சேத்து. டூரிஸ்ட் சந்துல இதே தட்டு நூத்தம்பதுக்கு, இலையும் வேற இலை.

செந்தாமரை
நீங்க ரெண்டு பேரும் அப்பாவுக்கு மட்டும் தான் வழி சொல்றீங்க, தம்பியோட அம்மா சைவம்னு ஒருத்தர் கண்ணுலயும் படலயா?

சோய்_சுத்தி அண்ணா, விரல காட்டுனா போதும்னு சொன்னீங்களே, சைவக்காரங்க அப்படி காட்டவே கூடாது. காய்கறி மட்டும் மிதக்குற கறியா தெரியும், அந்த மசாலாவுலயே கபி, அதாவது இறால் விழுது அரைச்சிருக்கும். கீரை வதக்கல்ல சிப்பில செஞ்ச ஆய்ஸ்டர் சாஸ், சூப் தண்ணி எலும்பு போட்டு கொதிச்சது, உப்புக்கு பதிலா நாம் ப்லாங்கற மீன் சாறு. கறி வேணாம்னு சொன்னா கறித்துண்டு மட்டும் எடுத்துட்டு மீதிய அப்படியே குடுப்பாங்க, அவங்க மேல தப்பில்ல, அங்க மீன் சாறு இல்லாம சமையல் இல்ல.

அதனால ஜே கடை, அதாவது சுத்த சைவக் கடை தேடணும். மஞ்சள் கொடி, அதுல சிவப்பு எழுத்து, தாய் தெரியாத நம்ம கண்ணுக்கு 17 மாதிரி தெரியும். அந்தக் கொடி இருந்தா கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்ல, வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க, அம்மா கண்ண மூடிட்டு சாப்பிடலாம். "கின் ஜே", ஜே தான் சாப்பிடுவேன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க. "மங்சவிரத்"தும் சைவம் தான், ஆனா அதுல முட்டை வரலாம். செப்டம்பர் அக்டோபர் வாக்குல ஒம்பது நாள் ஜே திருவிழா வரும், அப்போ சைனாடவுன் யாவராத் முழுக்க மஞ்சக் கொடியா இருக்கும், ஃபூகெட்ல இன்னும் பெருசா நடக்கும். மத்த மாசத்துல கடைங்க சிதறி இருக்கும், அம்மாவ வச்சுக்கிட்டு நடந்து தேடி மாளாது, இதுல நான் கணக்குப்புள்ள சார் பக்கம், முன்னாடியே மேப்ல குறிச்சு வச்சுக்கணும்.

அசோக்லயே டெர்மினல் 21 மால்ல பியர் 21னு ஃபுட் கோர்ட், ஏசி, விலையும் தெருக்கடை விலை தான், அங்க சைவ கவுண்டர் இருக்கு. முதல் நாள் அங்கேருந்து ஆரம்பிங்க.

சோய்_சுத்தி
சைவம்னா நீங்க சொல்றது தான் சரி தங்கச்சி. ஃபுட் கோர்ட்டும் மட்டமில்ல, மால்ல வேலை பாக்கற பசங்களே அங்க தான் சாப்பிடுறாங்க. ஆனா ட்ரிப் முழுக்க ஃபுட் கோர்ட்லயே ஓட்டிட்டு தாய் சாப்பாடு சாப்பிட்டேன்னு சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

பட்டர்வொர்த்_மணி
நான் மலேசியா. தாய் சாப்பாடுனா எல்லாரும் பாங்காக்க மட்டும் பேசுறீங்க. எங்க பக்கத்து ஆளுங்க பாடாங் பெசார் வரைக்கும் ரயில்ல போயி எல்லை தாண்டி இன்னொரு ரயில்ல ஹாட் யாய் போயிடுவோம், லீவு விட்டா போதும். அந்த ஊர் பொரிச்ச கோழி மேல வறுத்த சின்ன வெங்காயம் தூவி ஒட்டுச் சோறோட குடுப்பான், அத பாங்காக்ல சாப்பிட்டா அந்த ருசி வராது. தெற்குல கறி மஞ்சள் தூக்கலா காரமா இருக்கும், வடக்க சியாங் மாய் போனா காவ் சொய்ங்கற கறி நூடுல்ஸ், வடகிழக்கு ஈசான்னா சொம் தாம்ங்கற பப்பாளிக்கா சாலடும் சுட்ட கோழியும். எந்த ஊருக்குப் போறோமோ அந்த ஊர் சாப்பாட்ட கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. டுக்டுக் காரன்ட்ட "நல்ல கடைக்கு கூட்டிட்டு போ"ன்னு கேக்காதீங்க, கமிஷன் குடுக்கற சீஃபுட் கடை வாசல்ல தான் நிறுத்துவான். எங்க பெரியப்பாவ அப்படி ஒரு கடைக்கு கொண்டு போயி விட்டு, மெனுவுல விலையே இல்லாத மீனுக்கு பில்லு தீட்டிட்டாங்க. ஹோட்டல் வாச்மேன்ட்ட "நீ காலைல எங்க சாப்பிட்ட"ன்னு கேளுங்க, அவன் கை காட்டுற கடை தப்பாது.

நெய்வேலி_பையன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பா ஐஸ் போட்டு ஜூஸ் கேப்பார், அது பரவால்லயா? எதெல்லாம் தொடவே கூடாதுன்னும் சொல்லுங்க.

கணக்குப்புள்ள
நடுவுல ஓட்டை இருக்கற குழாய் ஐஸ்னா ஃபேக்டரில செஞ்சது, பயமில்ல. பெரிய பாளத்த ஒடச்சு போட்டா வேணாம்னுருங்க. சொம் தாம் கேட்டா சொம் தாம் தாய்னு கேளுங்க, மத்த வகைல பச்சை நண்டு ஊறல், ப்லா ராங்கற புளிச்ச மீன் போடுவாங்க, புது வயிறுக்கு ஒத்துக்காது. ஈசான் கடைல கோய் ப்லான்னு பச்சை ஆத்து மீன் கலவை இருக்கு, அத தொடவே கூடாது, கல்லீரல் புழு வர்றது அதுலருந்து தான், வடகிழக்குல பித்தக்குழாய் கேன்சருக்கு அது பெரிய காரணம்.

சோய்_சுத்தி
இதுல அண்ணன் சொன்ன ஒவ்வொண்ணும் சரி. மாட்டுக்கறிக்கு "நுவா"ன்னு பேரு, "மாய் ஆவ் நுவா"ன்னு சொல்லுங்க. படகு நூடுல்ஸ் சாப்பிட்டா சாறுல ரத்தம் கலப்பாங்க, மாட்டு ரத்தமாவும் இருக்கலாம், கேட்டுட்டு அப்பாவுக்கு வாங்கிக் குடுங்க.

நெய்வேலி_பையன்
சரி, இப்படி வச்சிருக்கேன். முதல் நாள் பியர் 21. ரெண்டாம் நாள் ஞாயிறு, படகுல வாங் லாங். திங்கட்கிழமை ராத்திரி யாவராத். ஒரு நாள் பிரதுநாம் காவ் மன் காய், அம்மாவுக்கு பக்கத்துல ஜே கடை மேப்ல குறிச்சுட்டேன்.

கணக்குப்புள்ள
யாவராத்துக்கு பெரியவங்கள கூட்டிட்டு போறதுனா இருட்டுன உடனே போயிருங்க, எட்டு மணிக்கு மேல நடைபாதைல நிக்கவே இடம் இருக்காது.

சோய்_சுத்தி
திங்கட்கிழமை வேணாம் தம்பி, யாவராத்ல நிறைய தெருக்கடைங்களுக்கு அன்னைக்கு தான் லீவு. செவ்வாய்க்கு மாத்திட்டு திங்கக்கிழமை மத்தியானம் ஓர் தோர் கோர் மார்க்கெட் போங்க, அசோக்ல கீழ இறங்கி எம்ஆர்டி மெட்ரோ புடிச்சா நேரா காம்பேங் பெத் ஸ்டேஷன், வெளிய வந்தா மார்க்கெட். கொஞ்சம் விலை கூட, ஆனா சுத்தம், பழம் அருமையா இருக்கும், கணக்கு அண்ணனுக்கே புடிக்கும்.

செந்தாமரை
இருவது, அம்பது, நூறு பாத் நோட்டா மாத்தி வச்சுக்குங்க தம்பி. தெருக்கடைல க்யூஆர் ஒட்டியிருப்பாங்க, அது பெரும்பாலும் அங்க பேங்க் அக்கவுண்ட் இருக்கறவங்களுக்கு. காலைல அம்பது பாத் சாப்பாட்டுக்கு ஆயிரம் நோட்ட நீட்டுனா பாவம் அவங்க சில்லறைக்கு பக்கத்து கடைக்கு ஓடணும்.