நல்ல கண்ணை மூடினால் மகன் அழுகிறான், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கவின் அம்மா, ஈரோடு:
மகனுக்கு 5 வயது, யூகேஜி. பள்ளியில் கண் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. வலது கண் 6/6, அதாவது முழுப் பார்வை. இடது கண்ணால் பலகையில் இரண்டாவது வரியோடு நின்றுவிட்டான், 6/36. சோம்பேறிக் கண் (ஆம்ப்ளியோபியா) என்றார்கள். மாறுகண் கிடையாது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நானும் கவனிக்கவில்லை. சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்கள்: வலது +1, இடது +4.5. மூன்று மாதம் கண்ணாடி மட்டும் போட்டதிலேயே இடது 6/18 வந்துவிட்டது. இப்போது வலது கண்ணில் தினமும் 2 மணி நேரம் பேட்ச், அதாவது கண்ணை மறைக்கும் ஒட்டு. பத்தே நிமிடத்தில் பிய்த்துவிடுகிறான். நேற்று, "அம்மா, என் நல்ல கண்ணைத் திருப்பிக் குடு" என்று அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நல்லா இருக்கிற கண்ணையும் கெடுக்காதே" என்கிறார் மாமியார். 2 மணி நேரம் போதுமா? 6 மணி நேரம் ஒட்டினால் சீக்கிரம் முடியுமா?

இலக்கியா அப்பா, திண்டுக்கல்:
சகோதரி, என் மகளுக்கு 6 வயதில் ஆரம்பித்தோம். மங்கலாக வரும் படத்தை மூளை ஒதுக்கிப் பழகிவிடுகிறது. கண்ணாடி படத்தைத் தெளிவாக்கும், பேட்ச் மூளையை அதைப் பார்க்க வைக்கும். அதனால் பேட்ச் இல்லாத நேரத்திலும் கண்ணாடி மூக்கில் இருக்க வேண்டும்.

முதலில் கண்ணாடி மேல் துணி மாட்டினோம். மூக்கோரமாக எட்டிப் பார்த்தே எழுதி முடித்துவிடுவாள்! அப்புறம் தோலில் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி போட்டோம். பள்ளி விட்டு வந்ததும் பாட்டியோடு பல்லாங்குழி. முதல் வாரம் புளியங்கொட்டைகள் பாதி குழிக்கு வெளியேதான் விழுந்தன. விரலால் குழியின் விளிம்பைத் தடவித் தடவிப் போடுவாள். இரண்டு மாதத்தில் தடவாமலே போட ஆரம்பித்தாள். பேட்ச் நேரத்துக்கு மட்டும் என்று ஒரு விளையாட்டை ஒதுக்கி வையுங்கள்.

ஆப்டோமெட்ரிஸ்ட், தஞ்சாவூர்:
உங்கள் மாமியாரின் பயம் வெறும் பயம் இல்லை. அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் சோதிக்கிறோம். நேரத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். கவினைப் போல மிதமான குறைபாடு உள்ள, 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. நான்கு மாத முடிவில் 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே அளவு பலன்தான் தந்தன. எழுதுவது, வண்ணம் தீட்டுவது மாதிரி கிட்டத்து வேலையும் கொடுங்கள்.

பேட்ச் ஒத்துவரவே இல்லை என்றால் நல்ல கண்ணின் பார்வையைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தை அதில் விடும் வழியும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள். பார்வை வந்துவிட்டது என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது.

கவின் அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மேடம். நேரத்தைக் கூட்டவில்லை. ஆய்வு விஷயத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பரணில் கிடந்த பல்லாங்குழியை அவரே இறக்கித் துடைத்துவிட்டார். இன்று 40 நிமிடம் ஒட்டியிருந்தான்.