டெங்குவுக்குப் பிறகு 1500 மீற்றர்: எப்ப ஓட விடலாம்?

திருமலை அம்மா:
மகனுக்கு 17 வயது, 1500 மீற்றர் ஓடுறவர். டெங்கு கடுமையாகி இரத்தக் குழாயில இருந்து நீர்க்கசிவு வந்து எச்டியூவில (கூடுதலாக் கண்காணிக்கிற விடுதியில) வச்சிருந்தவை. துண்டு வெட்டி மூன்று கிழமை. பிளேட்லெட் 2,10,000க்கு வந்திட்டுது. ஆனா அட்டையில "ஈசிஜி மாற்றம், மீண்டும் காட்டவும்" எண்டு எழுதியிருக்கு. காலையில நாடி 50தான், அது ஓட்டக்காரனுக்கு நல்லதுதானே எண்டு மகன் சொல்றார். மாகாணப் போட்டிக்குப் பெயரும் போயிட்டுது. மக்கெய்சர் மைதானத்துக்கு அனுப்பட்டோ?

பிசியோ_உப்புவெளி:
இப்ப வேண்டாம் அக்கா. பிளேட்லெட் சரியானா இரத்தக்கசிவுப் பயம் குறையும், அவ்வளவுதான். இதயத்தைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது. டெங்கு இதயத் தசையிலயும் அழற்சியை உண்டாக்கலாம். அந்த நிலையில கடும் ஓட்டம் ஓடினா இதயத்துடிப்பு தாறுமாறாகி ஆள் மைதானத்திலேயே விழலாம். நாடி 50 எண்டதை நம்பாதேங்கோ. டெங்கு மாறி வரேக்க நாடி குறையிறது சாதாரணம், அதை உடற்தகுதி எண்டு எடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு முந்தி அவற்ற நாடி என்ன எண்டு தெரிஞ்சா அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

முதல்ல இதய கிளினிக்கில ஈசிஜியைத் திரும்ப எடுத்து, எக்கோவும் (இதய ஸ்கானும்) பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. இதயத் தசை அழற்சி எண்டு உறுதியானா வழக்கமா 3 முதல் 6 மாதம் பயிற்சியே இல்லை. பிறகும் 24 மணிநேர ஹோல்டரும் (இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியிற கருவி) ஓட்டச் சோதனையும் சரியா வந்தாத்தான் தொடங்கலாம். மாகாணப் போட்டி அடுத்த வருசமும் வரும்.

பழைய_கோச்:
வைத்தியர் சரி எண்ட பிறகு செய்ய வேண்டியதைச் சொல்றன். 220இல வயதைக் கழிச்சா 203, அதுதான் நிமிசத்துக்கு உச்ச நாடி. அதில 70 வீதம் 142. மணிக்கூட்டில 10 செக்கன் பிடிச்சு நாடியை எண்ணுங்கோ, 23க்கு மேல போகக் கூடாது. நடையும் மெல்லோட்டமுமா 15 நிமிசம், ரெண்டு மூண்டு நாள். அடுத்தது 80 வீதத்துக்குள்ள 30 நிமிசம், பிறகு 45, பிறகு 60. அதுக்குப் பிறகுதான் 200 மீற்றர் வேக ஓட்டங்கள். மாணவர் எல்லாரும் பிழை விடுறது இந்த இடத்திலதான்: மெல்லோட்டம் சுகமா இருக்கு எண்டு அடுத்த நாளே 400 மீற்றரை முழு வேகத்தில ஓடிப் பாப்பினம்.

எழும்பின உடன எடுக்கிற நாடி அவற்ற வழக்கத்தை விட 10 கூடினா அண்டைக்கு ஓய்வு. நெஞ்சு நோ, படபடப்பு, தலைசுற்று, மயக்கம் எது வந்தாலும் அதிலேயே நிப்பாட்டி வைத்தியசாலைக்குப் போங்கோ. கெண்டைக்கால் நோவோட சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில போனாலும் அதே கதைதான், தசை உடையிற அறிகுறி அது.

தொடக்கத்தில கடற்கரை மணல் வேண்டாம். கால் புதையிறதால அதே வேகத்துக்கு இதயம் கூட உழைக்கும். புல்தரையே போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில வெயில் ஏறமுந்தி முடிச்சிடுங்கோ.

திருமலை அம்மா:
நன்றி. கால் நோவுக்கு டைக்குளோபெனக் இருக்கு, குடுக்கலாமோ? பப்பாசி இலைச் சாறும் குடுக்கிறம்.

பிசியோ_உப்புவெளி:
டைக்குளோபெனக், இபுபுரூபன் ரெண்டையும் வைத்தியரைக் கேக்காமத் தொடாதேங்கோ. டெங்குவில அதுகள் இரத்தக்கசிவைக் கூட்டும். இப்பவும் இதயம் என்ன நிலை எண்டு தெரியாமக் குடுக்கிறது நல்லதில்லை. நோ இருந்தா பரசிற்றமோல். பப்பாசி இலையை நம்பிப் பயிற்சியை முந்தித் தொடங்க வேண்டாம், பிளேட்லெட் தானாகவே ஏறும். சோறோட மீன், முட்டை, பருப்பு ஒவ்வொரு நேரமும் இருக்கட்டும், படுக்கையில கரைஞ்ச தசை அதாலதான் திரும்பும். ஓட்டத்தில வேர்வை நிறையப் போனா ஒரு பைக்கற் ஜீவனியை (உப்புச்சத்துத் தூளை) ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ.

பழைய_கோச்:
இன்னொண்டு. டெங்கு நாலு வகை. வேற வகை ரெண்டாவது தரம் தொத்தினா கடுமையாகிற வாய்ப்புக் கூட. அந்த நுளம்பு கடிக்கிறது விடியலும் பின்னேரமும், அதாவது பயிற்சி நேரத்தில. கை கால் எல்லாம் நுளம்பு விரட்டி பூசி அனுப்புங்கோ. மைதான ஓரத்தில தண்ணி நிக்கிற ரயர், யோக்கட் கப் இருந்தா பயிற்சிக்கு முந்தி கவிழ்த்துவிடச் சொல்லுங்கோ.