மறு: ஸ்லீப் ஆப்னியாவுக்கு என்ன சொல்? "மூச்சுத்திணறல்" வேண்டாமே

அய்யா வணக்கம். தூக்கத்துல மூச்சு அப்பப்ப நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியாங்கிற நோய்க்கு நீங்க தமிழ்ச் சொல்லா போட்ட "தூக்க மூச்சுத்திணறல்" எனக்கு ஒத்துவரல, காரணம் எங்க சித்தப்பா. திருமங்கலத்துல பஸ் ஏறுனா மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் தட்டி எழுப்பணும், பகல்லயே அப்படித் தூங்கி விழுவாரு, பிபிக்கு மூணு மாத்திரை போட்டும் இறங்கல. டாக்டர் "ராத்திரி மூச்சுத்திணறல் உண்டா"ன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் இல்ல சார், அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன்"னு சொல்லிட்டு வந்துட்டாரு. பொய் சொல்லல. திணறல்னா திணறுறவனுக்குத் தெரியணும்ல? "கொறட்ட விட்டுக்கிட்டே இருக்காக, திடீர்னு சத்தமே இல்ல, எனக்கு ஈரக்கொலை நடுங்குது, அப்பறம் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிக்கிறாக"ன்னு சித்தி சொன்னப்பறம்தான் டெஸ்ட்டே எடுத்தோம். மணிக்கு 38 தடவ மூச்சு நிக்குது, இல்லன்னா குறையுது, ஒவ்வொண்ணும் 10 செகண்டுக்குக் குறையாம. 30 தாண்டுனாலே கடுமைதான்.

"மூச்சுத்தடை"ன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு. தொண்டைச் சதை தளர்ந்து வழி அடைச்சுக்கிற வகைக்கு சரி. ஆனா மூளை மூச்சிழுக்கச் சொல்லாமலே விட்டுடுற வகை ஒண்ணு இருக்கே, இதயம் பலவீனமானவங்ககிட்ட பாக்கலாம், அங்க தடைன்னு எதுவும் கிடையாது. "மூச்சுநிறுத்தம்" வேண்டவே வேண்டாம், நம்ம ஊர்ல மூச்சு நின்னுருச்சுன்னா பாடைக்கு ஆள் சொல்லிருவாங்க.

என் யோசனை "மூச்சறவு". கிரேக்கத்துலயும் ஆப்னியான்னா மூச்சில்லாமைதான், நம்மகிட்ட இடையறவு (இடையில அறுபடுறது) ஏற்கனவே இருக்கு. அடைப்பு மூச்சறவு, மூளைவழி மூச்சறவு, நிக்காம குறையிறதுக்குக் குறைமூச்சுன்னு குடும்பமாவே வந்துரும். அவசரத்துல டைப் பண்ணா மூச்சுறவு ஆயிரும், அது ஒண்ணுதான் சங்கடம்.

ஒவ்வொரு அறவுலயும் ஆக்சிஜன் இறங்கி, மூளை பதறி அரைகுறையா முழிச்சு, பிபி எகிறி, அடைச்ச வழில இழுக்கப்போயி நெஞ்சுக்குள்ள இதயச் சுவரும் இழுபட்டு, ராத்திரி பூரா இதே பொழப்பு. இதயம் தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் பிப்ரிலேஷன் இவங்களுக்கு அதிகமா வர்றதுல என்ன ஆச்சரியம்.

இதுக்கு மாட்டுற சிபேப் (CPAP) மிஷினுக்கு "தொடர் நேர்மறை காற்றுவழி அழுத்தம்"னு போட்டிருக்கீங்க, நேர்மறைன்னதும் தன்னம்பிக்கை வகுப்பு மாதிரி இருக்கு அய்யா. காத்தை அழுத்தி அனுப்பி தொண்டை மூடாம பிடிச்சுக்கிற மிஷின், 1981ல சிட்னியில காலின் சல்லிவன் குழு ஆய்வுக்கட்டுரையா எழுதுனது, "மூச்சுவழி அழுத்தி"ன்னா போதும். சித்தப்பாவுக்கு அது "மூக்கு மிஷின்". பகல் தூக்கம் போயிருச்சு, பிபி கொஞ்சம் இறங்கியிருக்கு, மாத்திரை இன்னும் மூணுதான்.

விளக்கத்துல "இந்த மிஷினை மாட்டுனா ஹார்ட் அட்டாக் வராது"ன்னு மட்டும் சேத்துராதீங்க. 2016ல வந்த, இந்த மிஷினைப் பத்தின சேவ் (SAVE)ங்கிற ஆய்வுல, ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவங்களுக்கு அப்படி ஒண்ணும் குறையல, அவங்க ராத்திரிக்கு சராசரியா 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தாங்கங்கிறதும் உண்டு.

"மூளைவழி" எனக்கே முழுசா பிடிக்கல. வேற இருந்தா போடுங்க.