மணிக்கு 150 டாலர்: பில்லா, நையாண்டியா?

நொய்யல்காரி:
கிளேர் புளூமின் புத்தகத்தைப் பற்றி ஈரோட்டு வாசகன் போன வாரம் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பிலிப் ராத் மாதிரி மேதையோடு குடும்பம் நடத்தத் தெரியாதவர், பிரிந்த கடுப்பில் எழுதிய புலம்பல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளேர் புளூம் லண்டன் நடிகை. 1952 இல் சாப்ளினோடு 'லைம்லைட்' படத்தில் நடித்தவர். அமெரிக்க எழுத்தாளர் ராத்தோடு 1976 முதல் சேர்ந்து வாழ்ந்தார். 1990 இல் கல்யாணம், 1995 இல் விவாகரத்து. அடுத்த வருஷமே அந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். கிளேரின் 18 வயது மகளை வீட்டைவிட்டு அனுப்பும்படி ராத் சொன்னது அதில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் இருக்கிறது. பிரியும்போது ராத் அனுப்பிய கணக்கும் இருக்கிறது: வசனம் படித்துப் பழக உதவிய ஐந்நூறு, அறுநூறு மணி நேரத்துக்கு, மணிக்கு 150 டாலர் வீதம் கொடு என்று.

கட்டின பெண்டாட்டிக்கு வசனம் படித்துக் காட்டியதற்குக் கூலி! இதைச் சொன்னால் புலம்பலா?

ஈரோட்டு வாசகன்:
வணக்கமுங்க. பாதிக் கணக்கை மட்டும் காட்டினால் எப்படிங்க? ஒப்பந்தத்தை மதிக்காததற்கு 62 பில்லியன் டாலர் அபராதமும் கேட்டாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 6,200 கோடி டாலர். எந்த மனுஷனாவது அதை நிஜமாகக் கேட்பானா? கோபத்தில் ஓர் எழுத்தாளன் செய்த நையாண்டி அது. அந்த 150 டாலரும் அதே நையாண்டியின் ஒரு துண்டு. ராத்தை நான் கல்லூரிக் காலத்திலிருந்து படிக்கிறேன். அவர் குரல் தெரிந்தவனுக்கு இது புரியும்.

நொய்யல்காரி:
வேண்டுமென்றேதான் விட்டேன். 62 பில்லியன் நையாண்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அப்போது கிளேருக்கு வயது 62. வயசுக்கு ஒரு பில்லியன். அறுபதைத் தாண்டிய நடிகைக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து குத்தியது.

ஆனால் 150 அப்படி இல்லை. 500 மணிக்கு 75,000, 600 மணிக்கு 90,000 டாலர். கேட்டால் கொடுக்க முடிகிற தொகை. வக்கீல் பில் மாதிரி மணிக்கணக்குப் போட்டு எழுதியது. நையாண்டிக்கு எதற்குங்க மணிக்கணக்கு?

கோபி வாய்க்கால்:
அக்கா சொல்வது சரி. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் தீர்த்துவிடுகிற பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மண்டப வாடகை, சீர்ச் செலவு இருக்கும் என்று நினைத்தோம். முதல் பக்கத்தில் இருந்தது, அவளை வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் கொண்டுவிட்ட பெட்ரோல் கணக்கு. தேதிவாரியாக, நீல மையில், ஓர் அடித்தல்கூட இல்லாமல். சேர்ந்து வாழும்போதே எழுதி வைத்திருக்கிறான். அவன் அடித்ததைச் சொல்லும்போது அழாதவள் அந்த நோட்டைப் பார்த்து அழுதாள்.

ஈரோட்டு வாசகன்:
வருத்தமான விஷயமுங்க. ஆனால் அந்த மாப்பிள்ளையையும் ராத்தையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். ராத் 1998 இல் புலிட்சர் என்ற பெரிய அமெரிக்க விருதை வாங்கியவர். கிளேரே தன் புத்தகத்தில் அவர் கைநீட்டியதாக எழுதவில்லை. அப்புறம் என்ன கொடுமை? சரி, 150 டாலருக்கே வருகிறேன். எழுதினார். வசூலித்தாரா? ஒரு டாலராவது வாங்கினார் என்று காட்டுங்கள்.

நொய்யல்காரி:
புலிட்சர் வாங்கினால் பில் போடலாமா? நீங்கள் வசூலைக் கேட்கிறீர்கள், ராத் பணம் கேட்டதை நான் சொல்கிறேன். எத்தனையோ ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியதை எல்லாம் பின்னால் உட்கார்ந்து மணிக்கணக்காக மாற்றியிருக்கிறார். இனி அந்த அம்மாவுக்கு நல்ல நினைவு என்று என்ன மிஞ்சும்?

பழிவாங்கும் எழுத்து என்றீர்களே. 1990 இல் வந்த தன் நாவலின் கையெழுத்துப் பிரதியில், ஏமாற்றப்படுகிற மனைவிக்குக் கிளேர் என்றே பெயர் வைத்திருந்தார் ராத். கிளேர் சண்டை போட்ட பிறகுதான் எடுத்தார். ராத்தின் 1998 நாவலில் ஒரு நடிகை வருகிறாள். அவளுக்கு ஒரு மகள். கணவனைக் கவிழ்க்க வாழ்க்கைக் கதை எழுதிப் போடுகிறாள். அவர் செய்தால் இலக்கியம், இவர் செய்தால் புலம்பலா?

ஈரோட்டு வாசகன்:
நாவலை நாவலாகப் படிக்கத் தெரிய வேண்டும், அம்மணி. ராத் கிளேர் புத்தகத்துக்கு நீண்ட மறுப்பு எழுதி, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணியம் யாருக்கு வரும்? வசூலித்தாரா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நொய்யல்காரி:
அம்மணி என்று குழைய வேண்டாம், விஷயத்துக்கு வாங்க. நண்பர்கள் வேண்டாமென்று தடுத்ததால் அச்சிடவில்லை. அதைக் கண்ணியம் என்று எழுத உங்களால்தான் முடியும். ஈரோடு புத்தகத் திருவிழாவில் டீக்கடை முன்னால் நாம் கூடியபோதும் இதே கதைதான். நான் வாயைத் திறந்தாலே "அக்கா, முதலில் முழுசாகப் படிங்க" என்பீர்கள். முழுசாகப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். நீங்கள் கிளேர் புத்தகத்தைப் படித்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. எழுத்தாளனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது நம் பக்கம் புதிதில்லை. 2015 இல், திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழாவை வைத்து எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் உட்கார வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். எழுத்தாளன் வீட்டுக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்வது அங்கேதான் கொண்டுபோய் விடும்.

நொய்யல்காரி:
என்னங்க ஐயா இது? அங்கே ஊர் கூடி ஓர் எழுத்தாளரின் வாயை அடைத்தது. இங்கே ஒரு பெண் தன் வீட்டில் நடந்ததைத் தானே எழுதினார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? நீங்கள் கிளேரின் வாயை அடைக்கச் சொல்கிறீர்கள். அந்தக் கூட்டத்தோடு நிற்பது நானா, நீங்களா? 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெருமாள்முருகன் பக்கம் தீர்ப்புச் சொன்ன அன்று "ஊர் மனசையும் பார்க்க வேண்டும்" என்று இதே இடத்தில் எழுதியவர் நீங்கள்.

சென்னிமலைத் தறி:
நான் எழுதியது அது இல்லை. கோயில் பற்றி எழுதினேன். பாதியைப் பிய்த்துப் போடாதீர்கள்.

கோபி வாய்க்கால்:
ஐயா, நானும் அன்று படித்தேன். அக்கா சொல்வதுதான் எனக்கும் ஞாபகம்.

சென்னிமலைத் தறி:
நீ எப்போ கண்ணு இங்கே சேர்ந்தாய்? உனக்கு எப்படி ஞாபகம் வரும்?

ஈரோட்டு வாசகன்:
கிளேர் புத்தகத்தில் எனக்கு வேண்டிய பகுதிகளைப் படித்திருக்கிறேன். பேச்சை மாற்ற வேண்டாம். ராத் 2018 இல் போய்ச் சேர்ந்துவிட்டார், வந்து பதில் சொல்ல மாட்டார். அந்தத் தைரியத்தில் பேசுகிறீர்கள். மணிக்கு 150 டாலர், வசூலித்தாரா இல்லையா?

நொய்யல்காரி:
அந்தப் புத்தகம் வந்தது 1996 இல். அதற்குப் பிறகு 22 வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாவலே எழுதிப் பதில் சொன்னார். தைரியம் யாருக்கு இல்லை? "வேண்டிய பகுதிகள்" என்றீர்களே, அந்தக் கணக்கு வருகிற பக்கம் அதில் உண்டா? மணிக்கு 150 டாலர், கேட்டாரா இல்லையா?

ஈரோட்டு வாசகன்:
நையாண்டி என்று முதலிலேயே சொன்னேன்.

நொய்யல்காரி:
பில் என்று நானும் முதலிலேயே சொன்னேன்.

சென்னிமலைத் தறி:
என் 2016 பதிவை யாராவது முழுசாக எடுத்து இங்கே போடுங்க. "ஊர் மனசு" என்று நான் எழுதியிருந்தால் அப்புறம் பேசலாம்.