எஸ்தோனியாவில் விலைவாசி ஏறிய ஆண்டுகள்: சம்பளக்காரர்கள் கண்டது

தாலின், மென்பொருள் சோதனையாளர்

நண்பர்களுக்கு வணக்கம். எஸ்தோனியாவுக்கு வேலைக்கு வர எண்ணுபவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்தச் சம்பளம் அடுத்த ஆண்டு எவ்வளவு வாங்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 2022 முதல் இங்கே குடும்பம் நடத்தியவர்கள் தாம் பட்டதை எழுதினால் வருபவர்களுக்கு உதவும் என்பதால் முதலில் நானே எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் எனக்கு 8 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. நானும் மனைவியும் மகிழ்ந்து, ஊருக்கு அனுப்பும் தொகையைக்கூடச் சற்றுக் கூட்டினோம். அந்த ஆகஸ்டில் நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 25 சதவீதத்தைத் தொட்டது. யூரோ வலயத்தில் அந்த மாதம் அதுவே மிக அதிகம். ஆண்டு முழுவதற்குமான சராசரி 19.4 சதவீதம். அதே ஆண்டில் சராசரி மாத ஊதியம் 1,548 யூரோவிலிருந்து 1,685 யூரோவாக, அதாவது ஏறத்தாழ 9 சதவீதம் உயர்ந்தது. சீட்டில் எழுதிய சம்பளம் ஏறியது. அதன் வாங்கும் திறனோ ஒரே ஆண்டில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. என் 8 சதவீதமும் அப்படித்தான் கரைந்தது.

எங்கள் கதையைவிட என் மனத்தில் நிற்பது லாஸ்னமேயில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் மூதாட்டியின் நோட்டுப்புத்தகம். கம்புரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் விலையை வாரந்தோறும் பென்சிலால் குறித்து வைப்பார். அக்டோபரில் ஒரு நாள் அதை என் மனைவியிடம் விரித்துக் காட்டியபோது, வெண்ணெய்க்கான கட்டத்தில் மூன்று வாரங்களாக எதுவும் எழுதப்படாமல் இருந்தது. விலை தெரியவில்லையா என்று கேட்டதற்கு, வாங்கவில்லை என்றார். இங்கே ஓய்வூதியம் ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 1 அன்று, முந்தைய ஆண்டின் நிலவரப்படி திருத்தப்படுகிறது. அந்தக் கணக்கில் விலைவாசிக்கு 20 சதவீத எடையும், சம்பளத்தின் மேல் முதலாளிகள் கட்டும் சமூக வரியின் வசூலுக்கு 80 சதவீத எடையும் உண்டு. 2022 ஏப்ரலில் கிடைத்த உயர்வு 7.9 சதவீதம். 2023 ஏப்ரலில் 13.9 சதவீதம் வந்தது உண்மைதான், ஆனால் இடையில் ஒரு முழுக் குளிர்காலத்தை அவர் கடக்க வேண்டியிருந்தது.

தார்த்து, ஆய்வு மாணவர்

தங்கள் பதிவைப் படித்ததும் 2022 ஆகஸ்ட் 17 நினைவுக்கு வந்தது. நாங்கள் மூவர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் மின்சாரம் சந்தை விலையில் இருந்தது. அதாவது மணிக்கு மணி விலை மாறும், மறுநாளைய பட்டியல் முதல் நாள் பிற்பகலிலேயே வந்துவிடும். அன்று மாலை 6 முதல் 7 மணி வரை எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று பால்டிக் நாடுகளிலும் ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 4,000 யூரோ என்று பட்டியல் காட்டியது. ஒரு யூனிட்டுக்கு 4 யூரோ, வரி தனி. இரண்டு கிலோவாட் அடுப்பை ஒரு மணி நேரம் எரித்தால் 8 யூரோ போய்விடும். நான்கு மணிக்குள் சோறும் குழம்பும் வைத்து முடித்து, ஆறு மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு மூவரும் ஆற்றங்கரைக்குப் போய் அமர்ந்தோம். நல்ல வேளையாக அது கோடை. டிசம்பரில் அப்படி வெளியே போய் உட்கார முடியாது.

ரஷ்ய எரிவாயு குறைந்ததும், பின்லாந்துக்கு வந்துகொண்டிருந்த ரஷ்ய மின்சாரம் அந்த ஆண்டு மே மாதம் நின்றதும், நார்வா பக்கத்தில் எண்ணெய்ப்பாறையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் கரிம உமிழ்வுக்குக் கட்ட வேண்டிய விலை ஏறியிருந்ததும் ஒன்றுசேர்ந்து செய்த வேலை அது. அக்டோபர் 1 முதல் அரசு வீடுகளுக்கு நிலையான விலைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் அலைபேசியில் விலை பார்த்துச் சமைக்கும் பழக்கம் எங்களை விட்டது.

பார்னு அருகே, மரவீட்டுத் தொழிற்சாலைப் பொறியாளர்

வளர்ச்சி பற்றியும் யாராவது எழுத வேண்டும். முன்கூட்டியே செய்த மரவீடுகளை ஏற்றுமதி செய்வதில் எஸ்தோனியா ஐரோப்பாவின் முன்னணி நாடுகளில் ஒன்று. வாங்குவோரில் பலர் வட ஐரோப்பியர்கள். 2022-இல் தடைகளால் ரஷ்ய, பெலாரஸ் மரம் நின்று மூலப்பொருள் விலை ஏறியது. அடுத்து வட்டி ஏறியதால் ஸ்வீடனில் வீடு கட்டுவதே படுத்துவிட்டது. 2023 வசந்த காலத்தில் எங்கள் பட்டறையின் இரண்டாவது உற்பத்தி வரிசை நிறுத்தப்பட்டு, வாரத்துக்கு நான்கு நாள் வேலை, நான்கு நாள் சம்பளம் என்றானது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 3 சதவீதம் சுருங்கியது.

சம்பளம் குறைந்த அதே நேரத்தில் வீட்டுக்கடன் தவணை கூடியது. இங்கே பெரும்பாலான வீட்டுக்கடன்கள் ஆறு மாத யூரிபோர், அதாவது ஐரோப்பிய வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும் வட்டியோடு கட்டப்பட்டவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும். 2022 தொடக்கத்தில் சுழியத்துக்கும் கீழே இருந்த அந்த வட்டி, 2023 இலையுதிர் காலத்தில் 4 சதவீதத்தைத் தாண்டியது. மாதம் ஏறத்தாழ 400 யூரோவாக இருந்த என் தவணை 650 யூரோவானது. 2011 முதல் யூரோவைப் பயன்படுத்தும் இந்நாட்டுக்குத் தனி வட்டி விகிதம் கிடையாது; முடிவு பிராங்பேர்ட்டில், ஐரோப்பிய மத்திய வங்கியில் எடுக்கப்படுகிறது. அங்கே பார்க்கப்படுவது வலயம் முழுவதன் சராசரி. பொருளாதாரம் சுருங்கும் நாட்டின் கடனாளியும் அதே வட்டியைத்தான் கட்ட வேண்டும் என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை.

தாலின், இல்லத்தரசி

என் கணவர் எஸ்தோனியர்; பள்ளியில் கணிதம் கற்பிக்கிறார். 2024 ஜனவரி 22 அன்று ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவரும் போனார். ஆசிரியர்களின் குறைந்தபட்ச மாத ஊதியம் அப்போது 1,749 யூரோ; கடைசியில் கிடைத்தது 1,820. அவர் சோர்ந்துதான் திரும்பினார். அந்த மாதமே மதிப்புக்கூட்டு வரி 20-லிருந்து 22 சதவீதமாக உயர்ந்திருந்தது.

தமிழ்நாட்டில் என் தந்தை அரசு ஊழியராக இருந்தார். அகவிலைப்படி உயர்வு அறிவித்த நாளில் வீட்டில் ஒரு நிம்மதி இருக்கும். இங்கே அப்படி விலைவாசியோடு தானாக நகரும் ஏற்பாடு சம்பளத்துக்கு இல்லை என்று கணவர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. தொழிற்சங்கத்தில் இருப்போரும் மிகச் சிலர். குறைந்தபட்ச ஊதியத்தை மட்டும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் பேசி முடிவு செய்கின்றன. அது 2022-இல் 654, 2023-இல் 725, 2024-இல் 820 யூரோ என்று உயர்ந்தது. நடுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனியாக மேலாளரின் அறைக்குள் போய்க் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான இடைவெளி இந்த ஆண்டுகளில் எவ்வளவு பெரிதானது என்பதை எங்கள் நண்பர் வட்டத்திலேயே பார்த்தேன்.

தாலின், மென்பொருள் சோதனையாளர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. சம்பளம் இப்போது விலைவாசியை எட்டிவிட்டதல்லவா என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். 2024-இல் ஊதியம் ஏறத்தாழ 8 சதவீதம் ஏறியது, விலை 3.5 சதவீதம் ஏறியது. அந்த ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் ஆம். 2021-லிருந்து சேர்த்துப் பார்த்தால் சராசரி ஊதியம் 1,548-லிருந்து 1,981 யூரோவாக, 28 சதவீதம் உயர்ந்திருக்கிறது. விலைகள் ஏறத்தாழ 35 சதவீதம் உயர்ந்திருக்கின்றன. 2025 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதமும் ஆனது.

எனவே வேலைக் கடிதம் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைகள், கையெழுத்திடும் முன்பே ஊதியம் எந்த மாதத்தில், எதை வைத்துத் திருத்தப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு பார்க்கும்போது, சென்ற ஜனவரிக்கான வெப்பக் கட்டணச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள்.